பட்டன் கடையும் முகக்கவச ஆணையமும்

தொற்று ஊருக்குள் புகுந்து நாலு மாதம் கழித்து, கடைக்குள் போகிறவர்கள் முகக்கவசம் போட வேண்டுமா, வேண்டாமா என்று மக்களிடம் கேட்டுச் சொல்வதற்கு நகர மன்றம் ஓர் ஆணையத்தை அமைத்தது. தலைவரோடு சேர்த்துப் பதினேழு உறுப்பினர்கள், ஓர் எழுத்தர், ஒரு முத்திரை. முதல் ஐந்து கூட்டங்கள் முத்திரைக்கே சரியாகப் போயின. மூக்கும் வாயும் தெரிகிற மாதிரி முகம் வரைந்தால் ஒரு தரப்பு கோபித்துக்கொள்ளும். மூடி வரைந்தால் இன்னொரு தரப்பு முறுக்கிக்கொள்ளும். மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொண்டு, கடைசியில் ஒரு பின்மண்டையை வரைந்து, அதைச் சுற்றி 'நடுநிலை' என்று எழுதினார்கள். அந்த ஐந்து கூட்டங்களுக்குள் ஊரில் நாற்பது பேர் செத்துப்போயிருந்தார்கள். அது வேறு துறை என்பதால் ஆணையம் அதில் தலையிடவில்லை.

பின்மண்டை முத்திரை குத்திய முதல் கடிதம் பட்டன் கடைக்கு வந்தது.

பட்டன் கடை என்பது ஆறடி அகலம். பட்டன், ஜிப், கொக்கி, லேஸ், நூல்கண்டு எல்லாம் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகளில். தையல்காரர்கள் துணித் துண்டோடு வருவார்கள். பட்டன்காரம்மா அந்தத் துண்டையும் நாலைந்து நூல்கண்டுகளையும் எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பாள். பொருந்தினால் கொடுப்பாள். பொருந்தாவிட்டால் "இல்லைங்க" என்று சொல்லித் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். கிட்டத்தட்ட இதே நிறம்தானே, பரவாயில்லை, கொடு என்று கெஞ்சினாலும் கொடுக்க மாட்டாள். இதனால் கொஞ்சம் வியாபாரம் போனது. நல்ல பேர் நிறைய வந்தது.

கடைக்குப் பின்னால் ஓர் அறை. அந்த அறைக்குக் கடை வழியாகத்தான் போக முடியும், கடைக் காற்றுதான் அதற்கும் காற்று. கல்லாவிலிருந்து ஐந்தடி தள்ளி அங்கே ஒரு கட்டில். கட்டிலில் அவள் கணவர். இரண்டு வருடம் முன்பு ஒரு பக்க நுரையீரலில் பாதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒன்றரை. "சாதாரண சளி வந்தாலே கஷ்டம், இது வந்தா என் கையில ஒண்ணும் இல்லைம்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று மாலையே அவள் ஓர் அட்டையில் எழுதி வாசலில் மாட்டினாள்: 'முகக்கவசம் இல்லாதவர்கள் வெளியே நின்று கேட்கவும். எடுத்து வந்து தருகிறோம்.'

வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். இருந்தாலும் நின்று கேட்டார்கள். ஆணையத்துக்குத்தான் அது பொறுக்கவில்லை.

கடிதத்தை அவள் சத்தமாகப் படித்தாள். 'முகக்கவசம் கட்டாயமா என்ற கேள்வி ஆணையத்தின் பரிசீலனையில் இருக்கும்போது, மேற்படி கடை தன் பாட்டுக்கு ஒரு பதிலை எழுதித் தொங்கவிட்டிருப்பது ஆணையத்தின் முடிவை முந்திக்கொள்ளும் குற்றமாகும். உரிமதாரர் பொதுக்கருத்துக் கூட்டத்துக்கு நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். தவறினால் கடைக்குச் சீல் வைக்கப்படும்.'

"லைசென்ஸ் என் பேர்லதானே இருக்கு. நான்தான் போகணும்" என்றார் கணவர் கட்டிலில் இருந்தபடி.

"நீங்க படுங்க. நான் போய் நாலு வார்த்தை சொன்னா புரிஞ்சுக்க மாட்டாங்களா?"

"புரிஞ்சுக்கிறவங்க எதுக்கு ஆணையம் வைக்கிறாங்க?" என்றார் அவர். இந்த ஒரு வாக்கியத்துக்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

கூட்டம் நகர மன்றத்தின் பெரிய அரங்கில் நடந்தது. தெருச் சத்தம் ஒலிப்பதிவில் விழக் கூடாது என்று ஜன்னல்களை எல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தார்கள். வாசலில் மேசை போட்டு, பெரிய பதிவேட்டோடு வாயிற்காவலர் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களின் முகத்தை அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து 'வந்தார்' என்று எழுதுவது அவர் வேலை.

"அதைக் கழட்டுங்கம்மா" என்றார் அவர்.

"வீட்ல நோயாளி இருக்காருங்க. இவ்வளவு கூட்டத்துல கழட்டினா ஆபத்து."

"முகம் தெரிஞ்சாத்தான் வருகை. நான் என்ன பண்றது, விதி."

"முகக்கவசத்தைப் பத்தித்தானே கூட்டமே?"

"அதனாலதான் கண்டிப்பா இருக்கோம்" என்று சொல்லி, அவள் பெயருக்கு எதிரே 'முகம் காணப்படவில்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். உள்ளே போய் நிற்க மட்டும் அனுமதித்தார். அவளைப் போல இன்னும் முப்பது, நாற்பது பேர் பின்சுவர் ஓரமாக முகத்தை மூடிக்கொண்டு நின்றார்கள். உட்கார நாற்காலி கிடையாது. வராதவர்களுக்கு எதற்கு நாற்காலி?

முதலில் பேசியவர் ஓர் உடற்பயிற்சி நிலையத்தின் சொந்தக்காரர். "என் மூக்கு, என் வாய், என் மூச்சு" என்று ஆரம்பித்தார். "இருபது வருஷமா நிலையம் நடத்துறேன். என் இடத்துக்குள்ள செருப்போட வரக் கூடாது. துண்டு இல்லாம வரக் கூடாது. நான் சொல்ற கலர்ல பனியன் போடாம யாரும் வரக் கூடாது. ஏன்னா அது என் இடம். ஆனா நான் இன்னொருத்தர் கடைக்குப் போனா இதைப் போடு, அதைப் போடுன்னு சொல்ல அவர் யாரு? சுதந்திரம்னா என்னன்னு அவருக்குத் தெரியுமா?" கைதட்டல் நிற்கச் சற்று நேரம் ஆனது.

எதிர்த் தரப்புக்குப் பொதுநலச் சங்கத்தின் செயலாளர். இவராவது நம் பக்கம் பேசுவார் என்று பட்டன்காரம்மா நிமிர்ந்து நின்றாள். அவரும் பேசினார். "முகக்கவசம் உயிரைக் காக்கும். இதுல ரெண்டாவது பேச்சுக்கே இடமில்லை. எங்க வீட்ல அம்பது வச்சிருக்கேன். இப்ப ஏன் போடலைன்னு சிலர் கேக்கலாம். இது கடை இல்லையே. அதோட, கட்டாயம்னு வந்த பிறகு போட்டாத்தான் அந்தக் கட்டாயத்துக்கு ஒரு மரியாதை. அவனவன் தானாவே போட ஆரம்பிச்சுட்டா சட்டத்துக்கு என்ன வேலை, எங்க சங்கத்துக்குத்தான் என்ன வேலை?" இதற்கும் அதே அளவு கைதட்டல்.

நடுநடுவே ஆட்கள் இருமினார்கள். எழுத்தர் ஒன்றையும் விடாமல் குறிப்பேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். 'இருமல், தரப்பு தெரியவில்லை' என்று எழுதினார்.

தலைவர் எழுந்தார். எடை, அளவுத் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஆணையத்தின் எண்பத்து நான்கு பக்க நடைமுறை விதிகளைத் தன் கையாலேயே எழுதியவர். "நாங்க ரெண்டு பக்கத்தையும் சமமா பாக்குறோம்" என்றார். "இப்ப ஒருத்தர் வீடு எரியுதுன்னு சொல்றார். இன்னொருத்தர் எரியலைன்னு சொல்றார். அவசரப்பட்டுத் தண்ணி ஊத்திட்டோம்னு வைங்க, ஒரு தரப்பு பக்கம் சாய்ஞ்ச மாதிரி ஆயிடும். அதனால ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசுறோம். வீடு என்ன ஆச்சுங்கிறது எங்க ஆய்வு வரம்புக்குள்ள வராது."

பட்டன்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை உயர்த்தினாள். "ஐயா, நான் பட்டன் கடை. எனக்கு ஒரு நிமிஷம் குடுங்க."

தலைவர் வாசல் பக்கம் பார்த்தார். வாயிற்காவலர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "அவங்க வரலைங்க ஐயா" என்றார்.

"வரலையாமே" என்றார் தலைவர், வருத்தத்தோடு.

"நான் இங்கதான் நிக்கிறேன். மூணு மணி நேரமா நிக்கிறேன்."

"இருக்கலாம்மா. நான் மறுக்கலை. பதிவுல இல்லையே" என்று சொல்லித் தலைவர் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் முடிந்து அவள் வெளியே வருவதற்குள் இடைக்கால அறிக்கையை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். 'கூட்டத்துக்கு வந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட முகக்கவசம் அணிந்திருக்கவில்லை. எனவே மக்கள் அதை விரும்பவில்லை என்று தெரிகிறது.' அதற்குக் கீழே இன்னொரு பத்தி இருந்தது. 'பட்டன் கடை உரிமதாரர் வரத் தவறியதால், ஆணையம் முழுமையாகப் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் கடைக்கு நேரில் சென்று கூடும். பதினேழு உறுப்பினர்களும் கடைக்குள் நின்று இட நெருக்கடியைச் சோதித்து அறிவார்கள். உரிமதாரரின் முகத்தை ஒவ்வொருவரும் தனித்தனியே அருகில் சென்று பார்த்து உறுதி செய்வார்கள்.'

அவள் ஓடிப்போய் எழுத்தரைப் பிடித்தாள். ஒல்லியான மனிதர். ஒரு காதில் மட்டும் முகக்கவசம் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தரப்பும் ஆளுக்குப் பாதி சமாதானம் ஆகட்டும் என்று ஆணையமே அவருக்கு அப்படி உத்தரவு போட்டிருந்தது.

"பதினேழு பேர் உள்ள வந்தா அவர் பிழைக்க மாட்டாருங்க. ஒன்றரை நுரையீரல்தான் இருக்கு. வர்றவங்க முகத்தையாவது மூடிக்கிட்டு வரச் சொல்லுங்க."

"அவங்க மூட மாட்டாங்கம்மா. மூடினா நடுநிலை போயிடும்." அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கையிலிருந்த விதிப் புத்தகத்தை அவளிடம் நீட்டினார். "வேணும்னா இதைப் படிச்சுப் பாருங்க. இதை இதுவரைக்கும் யாரும் படிச்சதில்லை."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள்.

"பதினேழு பேரா?" என்றார் கணவர். "நம்ம கல்யாணத்துக்கே உங்க பக்கத்துலேருந்து அவ்வளவு பேர் வரலை."

அவள் சிரிக்கவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு அழுதாள். அவருக்கும் பயம்தான், அவள் முன்னால் காட்டிக்கொள்ளவில்லை.

"அட்டையைக் கழட்டிடேன். விட்டுடுவாங்க" என்றார்.

"கழட்டினா ஊரே உள்ள வந்து மூச்சு விடும். நீங்க இங்க, அவங்க அங்க. நடுவுல அஞ்சடி."

"அவங்க பதினேழு பேர் வந்தாலும் அதே அஞ்சடிதானே?"

"வரட்டும், பாக்கலாம்" என்றாள். எதைப் பார்ப்பது என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டு நாள், வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் விதிப் புத்தகத்தைப் படித்தாள். முதல் முப்பது பக்கம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உறுப்பினர்கள் எந்த வரிசையில் உட்கார வேண்டும், தலைவர் தும்மினால் கூட்டத்தை எத்தனை நிமிடம் ஒத்திவைக்க வேண்டும் என்றெல்லாம் இருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாற்பத்தோராம் விதிக்கு வந்தவள், அதையே நாலு தடவை படித்தாள். பிறகு போய் ஒரு புது நோட்டுப் புத்தகம் வாங்கி வந்தாள்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு ஆணையம் இரண்டு வண்டிகளில் வந்து இறங்கியது. கடை வாசலை அடைத்தபடி குறுக்கே ஒரு மேசை கிடந்தது. மேசைக்குப் பின்னால் பட்டன்காரம்மா, முகக்கவசமும் நோட்டுமாக. உள் அறைக் கதவை வெளிப்பக்கம் தாழ் போட்டிருந்தாள்.

"இது என்னம்மா?" என்றார் தலைவர். வண்டியிலிருந்து இறங்கும்போதே இருமிக்கொண்டுதான் இறங்கினார்.

அவள் புத்தகத்தைப் பிரித்துப் படித்தாள். "'விதி நாற்பத்தொன்று. ஆணையம் எங்கே கூடினாலும், அந்த இடத்துக்குப் பொறுப்பாக இருப்பவர் வாசலில் வருகைப் பதிவேடு வைக்க வேண்டும். முகமும் அடையாள அட்டையும் பொருந்தாதவர் வராதவராகக் கருதப்படுவார். தலைவர் வராத கூட்டம் நடக்காத கூட்டம்.' இந்த இடத்துக்குப் பொறுப்பு நான்தாங்க. வரிசையா வாங்க."

தலைவரின் முகம் மலர்ந்துவிட்டது. தான் எழுதிய விதியை ஒரு கடைக்காரி வாய்விட்டுப் படித்து அவர் கேட்டதே இல்லை. "பாத்தீங்களா? மக்கள் நடைமுறையை மதிக்க ஆரம்பிச்சுட்டாங்க" என்றார் உறுப்பினர்களிடம். தலைவருக்கு முன்னால் யாரும் இடத்துக்குள் நுழையக் கூடாது, ஆனால் வருகைப் பதிவில் தலைவர் கடைசியாகத்தான் வர வேண்டும் என்று முப்பத்தெட்டாம் விதி சொல்கிறது. ஆகவே பதிந்து முடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெயிலிலேயே நின்றார்கள்.

அவள் அவசரப்படவில்லை. அட்டைகளை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு எட்டி நிற்கச் சொன்னாள். ஒவ்வோர் அட்டையையும் வெளிச்சத்தில் பிடித்து, நூலையும் துணியையும் பார்க்கிற மாதிரி முகத்தையும் படத்தையும் பார்த்தாள். புருவம், மூக்கு, காது மடல், தாடை. பொருந்தினால் 'வந்தார்' என்று எழுதினாள். பதினாறு பேருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஓர் உறுப்பினர் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டார். கடைக்குள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து மெல்லிய செருமல் கேட்டபோது மட்டும் எழுதுவதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள்.

கடைசியாகத் தலைவர் அட்டையை வைத்தார். அவள் எடுத்துப் பார்த்தாள். திரும்பப் பார்த்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

படத்தில் இருந்தவருக்கு அடர்த்தியான கருப்பு முடி, பட்டையான மீசை, ஒடுங்கிய கன்னம். வேலையில் சேர்ந்த காலத்துப் படம். எதிரே நிற்பவருக்குத் தலையில் ஒரு முடி இல்லை, மீசை இல்லை, கன்னம் கழுத்து வரைக்கும் தொங்கியது.

"பொருந்தலைங்க" என்றாள்.

"என்ன பொருந்தலை? நான்தான் அது."

"இருக்கலாங்க. நான் மறுக்கலை. படத்தோட பொருந்தலை."

தலைவர் இருமினார். இருமல் அடங்க நேரம் ஆனது. வாயை மூடிக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. "கிட்டத்தட்டப் பொருந்துதுல்ல? அந்தக் கண்ணைப் பாரும்மா."

"கிட்டத்தட்டன்னு சொல்லி நான் நூல் கண்டுகூடக் குடுத்தது இல்லைங்க."

"நான் யாருன்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். உனக்கும் தெரியும்."

"தெரியும். அன்னிக்கு அரங்கத்துல நான் நின்னேன்னு உங்களுக்கும் தெரியும்" என்றாள். அவள் குரல் உயரவே இல்லை.

 தலைவர் விதிப் புத்தகத்தை வாங்கி நாற்பத்தோராம் விதியை ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை படித்தார். ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். இல்லை. முப்பது வருடம் எடைக்கல்லைத் தட்டிப் பார்த்த மனிதர் எழுதியது, ஓட்டை எப்படி இருக்கும்? மேசையைத் தள்ளிவிட்டு உள்ளே போயிருந்தால் அவளால் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் போனால் விதி தப்பு என்று ஆகிவிடும். தான் இல்லை என்று ஆனாலும் பரவாயில்லை, விதி தப்பு என்று ஆவதை அவரால் தாங்க முடியாது.

"விதி சரியாத்தான் இருக்கு" என்றார், வலியோடு. எழுத்தரைக் கூப்பிட்டார். "தலைவர் வரலைன்னு எழுதிக்குங்க. கூட்டம் நடக்கலை. வராததுக்குக் காரணம் கேட்டுத் தலைவருக்கு ஒரு கடிதம் தயார் பண்ணுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

போவதற்கு முன் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவள் ஒரு டம்ளரை முக்காலியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். வெயிலில் உட்கார்ந்து அந்த மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டு குடிப்பதைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. அதைவிட நிறையச் சந்தோஷமாக இருந்தது. வண்டிகள் தெரு முனை திரும்பிய பிறகு டம்ளரைக் குப்பையில் போட்டாள். மேசையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டுத்தான் உள்ளே போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் சிரிக்கப் போய்ப் புரையேறி, அவளே திட்டும்படி ஆயிற்று.

ஒரு வாரத்தில் தலைவரும் பதினோரு உறுப்பினர்களும் படுத்துவிட்டார்கள். தலைவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். மிச்சம் இருந்த ஐந்து பேர் அவசரமாகக் கூடி, ஆணையத்துக்குத் தொற்று எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தார்கள். ஜன்னல் சாத்திய அரங்கம் என்று யாரும் சொல்லவில்லை. அரங்கம் நகர மன்றத்துக்குச் சொந்தமானது. பட்டன் கடை என்றுதான் சொன்னார்கள்.

அதற்கான கடிதத்தை எழுத்தர்தான் கொண்டுவந்தார். யாரும் சொல்லாமலே வாசலுக்கு வெளியே நாலடி தள்ளி நின்று படித்தார். 'தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் மேற்படி கடையில் கூடியபோது தொற்று ஏற்பட்டதால், கடைக்கு ஏன் சீல் வைக்கக் கூடாது?'

பட்டன்காரம்மா நோட்டை எடுத்து வந்து பிரித்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "தலைவர் இங்க வரவே இல்லைங்க. கூட்டம் நடக்கலை. உங்க குறிப்பேட்டுலயும் அப்படித்தான் இருக்கும். நடக்காத கூட்டத்துல எப்படித் தொத்தும்?"

எழுத்தர் நின்ற இடத்திலிருந்தே எட்டிப் படித்தார். "ஆமாம்மா. நான்தான் எழுதினேன்" என்றார். கடிதத்தின் அடியில் 'மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். தலைவர் எழுந்து வந்தால்தான் இனி ஆணையம் எதையும் முடிவு செய்யும், அதுவரைக்கும் அட்டை தொங்கட்டும் என்றார்.

கிளம்பினவர் நின்றார். "வீட்டுக்காரர் எப்படிம்மா இருக்காரு?"

இத்தனை கடிதம், இத்தனை கூட்டத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். 

"மூச்சு விட்டுக்கிட்டு இருக்காருங்க."

"நல்லா இருக்கட்டும்" என்றார் எழுத்தர். போகாமல் பையைத் தோள் மாற்றிக்கொண்டார். "எங்கம்மா போன வெள்ளிக்கிழமை போயிட்டாங்க. நான்தான் தொற்றைக் கொண்டு போய்க் குடுத்திருக்கேன். எனக்கு ரெண்டே நாள் காய்ச்சல், சரியாப் போச்சு. அவங்களுக்கு ஆகலை."

அவள் நோட்டை மூடினாள்.

"மூணு நாள் லீவு கேட்டு எழுதிக் குடுத்தேன்" என்றார் அவர். "திருப்பி அனுப்பிட்டாங்க. தொற்றுன்னு காரணம் போட்டா ஒரு தரப்பு பக்கம் சாய்ஞ்ச மாதிரி ஆயிடுமாம். மாத்தி எழுதச் சொன்னாங்க."

"என்னன்னு எழுதினீங்க?"

"சொந்த வேலைன்னு எழுதினேம்மா."